அடுப்பில் எரிந்த பிரான்ஸ்

அடுப்பில் விழுந்த உடனே அவை பற்றிக்கொள்ளவில்லை. முதலில் ஓரங்கள் பழுத்தன. பிறகு அவற்றின் வெள்ளை நூல் உயிருள்ளதுபோல் ஒருமுறை சுருண்டு படுத்தது. அப்புறம்தான் சின்னதாக ஒரு மஞ்சள் சுடர் எழுந்தது.

சமையலறை முழுக்க ஒரு வாசனை பரவியது. காய்ந்த புல்லும் ஆப்பிளும் கலந்தாற்போல. எங்கள் வீட்டில் ஆப்பிள் என்பது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களைப் பார்க்கப் போகும்போது வாங்குகிற பழம். அதனால் அந்த வாசனை வந்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் தோன்றியது.

அது உண்மையும்கூட. கூடத்தில், என்னைப் பெண் பார்க்கப் பாரிஸிலிருந்து வந்த மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எரியட்டும்" என்றாள் அத்தை. ஊதுகுழலின் நுனியால் அவற்றை இன்னும் உள்ளே தள்ளினாள். "யாரு வீட்டுல வந்து யாருக்கு மருந்து வக்கிறது?"

"அத்த, அது டீத்தூள் மாதிரி ஒண்ணு. பையோட வெந்நீர்ல போடுறது."

"டீத்தூளுக்கு எதுக்குடி நூலு? தாயத்துக்குத்தான் நூலு."

பி.எஸ்சி. வேதியியல் இறுதி ஆண்டு படித்துக்கொண்டிருந்த எனக்கு எந்தப் புத்தகமும் அந்த நூலை விளக்கவில்லை. இன்றுவரை இல்லை.

ஜூலை, ஆகஸ்டு

லாஸ்பேட்டையில் இருந்த கல்லூரிக்கு, மில்லுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவிலிருந்து போய்வந்த முதல் பெண் நான்தான் என்று இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியிருந்தேன். பெருமையாக எழுதியதாகச் சிலர் நினைக்கலாம். பெருமையாகத்தான் எழுதினேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். அதுவும் சம்பளம் வாங்குமிடத்தில், ஒரு மாதத்துக்கு ஒருமுறை.

அப்பா மில்லில் தறி ஓட்டினார். காலமெல்லாம் தறிச் சத்தத்தில் நின்று அவருடைய காது பாதி போய்விட்டது. தனக்குக் கேட்காததால் மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைத்து, ரகசியத்தையும் கூவித்தான் சொல்வார். எங்கள் வீட்டில் ரகசியம் என்று எதுவும் இல்லாததற்கு இதுதான் காரணம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஆகஸ்டு மாதம். புதுச்சேரியில் ஜூலையும் ஆகஸ்டும் வேறு மாதிரியானவை. பிரான்சில் குடியேறிய நம் ஆட்கள் வக்கான்ஸ் என்று விடுமுறைக்கு வந்து இறங்குகிற காலம் அது. தெருவில் சென்ட் வாசனை வரும். கடற்கரையில் தொப்பி போட்ட குழந்தைகள் ஐஸ் கேட்டுப் பிரெஞ்சில் அழும்.

வந்தவர்களை உறவினர்கள் சும்மா விடமாட்டார்கள். காலையில் சித்தப்பா வீட்டில் ஆட்டுக்கால் பாயா, மதியம் மாமன் வீட்டில் கோழி பிரியாணி, சாயங்காலம் பெரியம்மா வீட்டில் சுழியன், ராத்திரி மறுபடியும் யாராவது. "அங்க இதெல்லாம் எங்க கெடைக்கப் போவுது, சாப்புடு தம்பி" என்று சொல்லிச் சொல்லி ஊட்டுவார்கள். பத்து நாளில் அந்தத் தம்பி இரண்டாக மடிந்துவிடுவார்.

அப்படி மடிந்த நிலையில்தான் பாஸ்கரன் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார். பாரிஸில் தபால் பிரிக்கிற வேலை. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் வியட்நாமின் சைகோன்வரை போய்வந்தவர், காலமாகிவிட்டார். அவருடைய பென்ஷனை வாங்கிக்கொண்டு ஊரில் இருந்தார் பாஸ்கரனின் அம்மா. அவரை எல்லோரும் சைகோன்காரம்மா என்பார்கள். அவர் சைகோனைப் பார்த்ததே இல்லை.

எல்லோருக்கும் ஒரு பாரிஸ்

அப்பாவோடு தறியில் நின்ற ஒருவர் மூலம் வந்த சம்பந்தம் இது. வரதட்சணை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெண் வெளுப்பாக, படித்தவளாக, அடக்கமாக இருந்தால் போதும். மூன்றில் ஒன்று என்னிடம் இருந்தது.

அம்மா ஒரு வாரமாகத் தூங்கவில்லை. "அங்க கொழந்த பொறந்தா கவுர்மெண்டே மாசாமாசம் பணம் குடுக்குதாம்டி" என்றாள். என்னைப் பெற்றதற்கு இந்த ஊர் தனக்கு எதுவும் தரவில்லையே என்கிற குறை அவள் குரலில் இருந்தது.

அப்பா பனியைப் பற்றிக் கேட்டார். மில்லில் பஞ்சு பறப்பதுபோல் பறக்குமா என்று.

அத்தை அப்பாவின் அக்கா. கணவர் போனபிறகு எங்களோடு வந்து, வந்த நாளிலிருந்து எங்களை ஆண்டுகொண்டிருந்தவள். அவள் மட்டும் பாரிஸில் மயங்கவில்லை. "சீமையிலேர்ந்து பொண்ணு தேடி ஏன் மில் தெருவுக்கு வரணும்? அதுல என்னமோ கீது" என்று முதல் நாளே சொன்னாள். சந்தேகம் அவளுக்கு வெற்றிலைபோல. மென்றுகொண்டே இருப்பாள்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்றுதான் சொல்லியிருப்பேன். மாப்பிள்ளையின் விடுமுறை அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் கல்யாணத்தை மேரியில் பதிவு செய்ய வேண்டும். நகராட்சி அலுவலகத்தை எங்கள் ஊரில் மேரி என்றுதான் சொல்வோம். பதிவு முடிந்தால் காகிதங்கள் தயாராகும். காகிதங்கள் தயாரானால் விமானம். என் கடைசிப் பரீட்சை அடுத்த ஏப்ரலில். அதாவது, பட்டம் வாங்காமலே நான் போயாக வேண்டும். இரண்டு வருடம் பஸ்ஸில் தொங்கிப் படித்ததெல்லாம் பாதி நெய்த துணிபோல் தறியிலேயே கிடக்கும்.

இதை அம்மாவிடம் சொன்னேன். "பாதித் துணின்னா என்ன, துணி துணிதானே" என்றாள்.

கைப்பையிலிருந்து வந்தது

பெண் பார்க்கும் நாளன்று வாடகைக் காரில் வந்தார்கள், அம்மாவும் பிள்ளையும் மட்டும். எங்கள் வீட்டில் கை வைத்த நாற்காலி ஒன்றுதான். அதில் சைகோன்காரம்மா உட்கார்ந்தார். மாப்பிள்ளை பாயில். அவர் முகம் வேகவைத்த பூசணிக்காய் நிறத்தில் இருந்தது.

நான் காப்பித் தட்டோடு வந்தேன். சைகோன்காரம்மா கையை உயர்த்தித் தடுத்தார்.

"காப்பி வேணாம்மா. பிள்ளைக்கு வயிறு சரியில்ல. உப்பிக்கிட்டே இருக்குது. ஓமத் தண்ணி, கஷாயம்னு பத்து வீட்டுல பத்து குடுத்தாங்க. ஒண்ணும் கேக்கல. எல்லாம் இந்த ஊரு சரக்கு."

பிறகு கைப்பையைத் திறந்து இரண்டு சின்னக் காகிதப் பைகளை எடுத்தார். தீப்பெட்டி அளவுக்கு உப்பிய பை. வெள்ளை நூல். நூலின் நுனியில் ஒரு துண்டு அட்டை, அதில் மஞ்சள் பூப் படம்.

"இது திசான். பிரான்சுல சாப்பாட்டுக்கு அப்பறம் எல்லாரும் குடிக்கிறது. ஒரு பூவு. கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்துட்டு வாங்க. ஒண்ணு பிள்ளைக்கு. இன்னொண்ணு பொண்ணும் குடிக்கட்டும், அங்க போனா பழகணுமில்ல?"

பைகளைக் கையில் வாங்கியவள் அத்தை. அங்கேதான் விதி விளையாடியது.

மருந்து

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் இரண்டு வகை. ஒன்று, நோய் தீரக் கொடுப்பது. இன்னொன்று, ஆளை மயக்கிக் கைக்குள் போட்டுக்கொள்ளச் சோற்றிலோ பாலிலோ கலந்து கொடுப்பது. முதல் வகையில் சந்தேகம் உள்ளவர்கள் உண்டு. இரண்டாம் வகையில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

எங்கள் தெருவில் ஒருவர் கல்யாணத்துக்கு முன்னால் குடித்துவிட்டுக் கலாட்டா செய்வார். கல்யாணம் ஆனபிறகு மனைவி சொல் கேட்டு ஒழுங்காக மில்லுக்குப் போனார். மாமியார் வீட்டில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று தெருவே கூடி அவரை வில்லியனூர்ப் பக்கம் மருந்து எடுக்கிறவரிடம் கூட்டிக்கொண்டு போனது. எதையோ குடிக்கவைத்து வாந்தி எடுக்கவைத்தார்கள். குணமாகிவிட்டார். மறுவாரமே குடிக்க ஆரம்பித்தார்.

இந்த வரலாறெல்லாம் தெரிந்தவள் அத்தை. சமையலறைக்குள் வந்ததும் பைகளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குலுக்கினாள். மோந்தாள்.

"பாரு, உள்ள என்னமோ பொடி. வெளிய நூலு. அட்டையில எழுத்து வேற. அதுவும் பொண்ணு குடிச்சே ஆவணுமாம்."

நான் அட்டையைப் படித்தேன். கல்லூரியில் என் இரண்டாம் மொழி பிரெஞ்சு. "வெந்நீரில் ஊறவிடுங்கன்னு போட்டிருக்கு அத்த. அவ்ளோதான்."

"ஏன், பிரெஞ்சுல மந்திரம் எழுதக் கூடாதா?"

அடுத்த நொடி இரண்டும் அடுப்பில்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, இப்ப அவங்களுக்கு எத்தக் குடுக்கறது?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். படித்த பெண் வீட்டில் இருப்பதன் பயன் அப்போதுதான் அவர்கள் நினைவுக்கு வந்தது.

தப்பாகச் செய்யத் தெரியாத கை

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த நிமிடத்தில் வழி தெரிந்தது. பேதியாக்கும் கடுக்காய்ப் பொடியில் ஒரு கரண்டியை வெந்நீரில் கலக்கிக் கொண்டுபோய் நீட்டினால் போதும். மாப்பிள்ளை வந்த காரிலேயே ஓடியிருப்பார். ஏப்ரல் பரீட்சை என்னுடையது.

கடுக்காய் டப்பாவைக் கையில்கூட எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டேன். இரக்கத்தால் அல்ல. ஒரு பரீட்சையில் வேண்டுமென்றே தப்பாக எழுத என் கைக்குப் பழக்கமில்லை. அது எந்தப் பரீட்சையாக இருந்தாலும்.

அதோடு, "எல்லாம் இந்த ஊரு சரக்கு" என்ற பேச்சு காதில் முள்ளாக நின்றது.

எங்கள் தெருவில் வயிற்றுக் கஷாயம் இல்லாத வீடு கிடையாது. மில் ஆட்கள் ஷிப்டுக்கு ஏற்றபடி கண்ட நேரத்தில் சாப்பிடுவார்கள். தெருவே உப்பிக் கிடக்கும். அம்மாவின் முறை எளிது. ஓமம், சுக்கு, மிளகு, சீரகம், கையில் கிடைத்த இன்னும் சிலவற்றை ஒரே குண்டானில் போட்டு, மூன்று பங்கு ஒரு பங்காகும்வரை காய்ச்சுவாள். தார்போல் வரும். குடிக்கிறவர் முகம் கோணினால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்பாவின் முகம் நிரந்தரமாகவே கொஞ்சம் கோணியிருந்தது.

பத்து வீட்டில் பாஸ்கரன் குடித்ததும் இந்தத் தார்தான் என்று எனக்குப் புரிந்தது. ஏற்கெனவே புண்ணான வயிற்றில் மிளகும் சுக்கும் போனால் என்ன ஆகும்?

நான் வேறு மாதிரி செய்தேன். இரும்புச் சட்டி காய்ந்ததும் ஒரு கரண்டி சோம்பு, அதில் பாதி சீரகம், இரண்டு விரலில் எடுத்த ஓமம். அவ்வளவுதான். நிறம் மாறவிடாமல், வாசனை எழும்பியதும் இறக்கி, அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கினேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அதைக் கீழே இறக்கிவைத்து, கொதி அடங்கிய பிறகு நசுக்கியதையும் ஒரு சிட்டிகை துருவிய இஞ்சியையும் போட்டுத் தட்டு போட்டு மூடினேன்.

"அடுப்புல வச்சிக் கொதிக்க விடுடி, சத்து எறங்க வேணாம்?" என்றாள் அம்மா.

"கொதிச்சா வாசன எண்ணெயெல்லாம் ஆவியோட போயிடும்மா. தட்டு மூடியிருந்தா உள்ளயே நிக்கும்." ஆய்வுக்கூடத்தில் கற்றதை வீட்டில் சொல்லிக் காட்டக் கிடைத்த வாய்ப்பை நான் ஒருநாளும் விட்டதில்லை.

"தோ பாருடா, ஆவியப் புடிச்சி வக்கிறாளாம்" என்றாள் அத்தை.

தட்டைத் திறந்தபோது அதன் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. அந்த நீரையும் உள்ளேயே தட்டினேன். அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த சுத்தமான துணியில் வடிகட்டி, ஒரு துளி பனங்கற்கண்டு சேர்த்தேன். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பீங்கான் கோப்பையில் ஊற்றினால், வெயிலில் காய்ந்த வைக்கோலின் நிறம். தெளிவாக, அடி தெரிய.

மனசுக்குள் ஒரு பிரெஞ்சுக்காரி நிமிர்ந்து நின்றாள். அவள் கையில் சோம்பு டப்பா.

ஏப்பம்

மாப்பிள்ளை முதல் வாயைப் பயந்துதான் குடித்தார். முகம் கோணவில்லை. அதுவே அவருக்கு ஆச்சரியம். இரண்டாம் வாய், மூன்றாம் வாய். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் காலண்டரைப் பார்த்தோம்.

பிறகு அது வந்தது. நீளமாக, நிதானமாக, பத்து நாள் விருந்தையும் ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்தபடி.

"மாப்ள என்னா சொல்றாரு?" என்று அப்பா உரக்கக் கேட்டார்.

"ஏப்பம்ப்பா" என்றேன்.

"ஆங்?"

"ஏப்பம்!"

"நல்லது, நல்லது" என்றார் அப்பா.

பாஸ்கரன் சிரித்துவிட்டார். அன்று முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். பூசணிக்காய் நிறம் போய் முகத்தில் மனித நிறம் வந்தது. பார்க்கப்போனால் நல்ல முகம்தான். மூக்கு எடுப்பாக இருந்தது.

"அம்மா, எனக்குச் சம்மதம்" என்றார். என்னைப் பார்த்து, "இன்னொரு கப் கெடைக்குமா?" என்றும் கேட்டார்.

சைகோன்காரம்மா பூரித்துப்போனார். "பாத்தீங்களா! பிரான்சு சரக்குன்னா பிரான்சு சரக்குதான். இந்த ஊருல ஆயிரம் கஷாயம் இருக்குது, ஒண்ணு கேட்டுச்சா? நான் அப்பவே சொன்னேன்." அம்மா பக்கம் திரும்பி, "மாசக் கடைசியில மேரில பதிஞ்சிடலாம்மா. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

அம்மாவின் கண்ணில் நீர். அப்பாவுக்கு விஷயத்தைச் சைகையில் சொன்னாள். அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

நான் கேட்டேன்: "எனக்கு ஏப்ரல்ல கடைசிப் பரீட்ச இருக்குதுங்க. அத முடிச்சிட்டு வரலாமா?"

"பரீட்சையா? எதுக்கும்மா? இந்த ஊருப் பட்டத்த அங்க எவன் மதிக்கறான்? எல்லாத்தையும் அங்க மொதல்லேர்ந்து படிக்கணும். இங்கத்திச் சரக்கு அங்க செல்லாது."

மறுபடியும் அந்தச் சரக்கு.

என் துணிச்சலைப் பற்றிப் பிற்பாடு தெருவில் பலர் பலவிதமாகப் பேசினார்கள். படிப்பைக் காப்பாற்றிக்கொள்ளத் திட்டம் போட்டுப் பேசினாள் என்றார்கள். திட்டமெல்லாம் ஒன்றுமில்லை. என் பட்டத்தைச் செல்லாது என்றதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் சோம்புத் தண்ணீருக்குப் பிரான்ஸ் பேர் வாங்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அவர் குடிச்சது பிரான்சு சரக்கு இல்லீங்க. எங்க வீட்டுச் சோம்பு."

யார் யாருக்கு வைத்தது

கதவுக்குப் பின்னால் அத்தையின் பாக்குவெட்டி ஒருமுறை டக்கென்றது.

"அப்ப நான் குடுத்த திசான்?"

"அடுப்புல போட்டுட்டாங்க."

"அடுப்புலயா? ஏன்?"

இதற்கு ஆயிரம் பொய் இருந்தது. ஈரமாகிவிட்டது, பூனை தட்டிவிட்டது. எதுவும் எனக்கு வாயில் வரவில்லை. நான் தயங்கிய நேரத்தில் அம்மா அப்பாவின் காதருகே குனிந்து நடந்ததைச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். அப்பா அதை அப்படியே வாங்கி, தறிக்கூடத்தில் நிற்கிற குரலில் திருப்பிக் கேட்டார்:

"என்னாது, மருந்தா? அவங்களா வச்சாங்க?"

வாசலில் கார் டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தான்.

சைகோன்காரம்மா எழுந்தார். "நானா? நான் மருந்து வச்சேனா? பிரான்சு ராணுவத்துல இருந்தவரு பொண்டாட்டி நானு. இந்தப் பட்டிக்காட்டுப் புத்தியெல்லாம்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் பார்வை மெல்லப் பிள்ளையிடம் போனது. பிள்ளையின் முன்னால் இருந்த காலிக் கோப்பைக்குப் போனது. அங்கிருந்து என்னிடம் வந்தது.

அவர் மனசுக்குள் ஓடிய கணக்கு எனக்கு அப்படியே தெரிந்தது. பத்து நாளாகப் பார்த்த பெண் ஒருத்திக்குக்கூட வாய் திறக்காத பிள்ளை. இங்கே ஒரு கோப்பை குடித்தான். சிரித்தான். சம்மதம் என்றான். இன்னொரு கோப்பை வேறு கேட்கிறான்.

"அடிப்பாவிங்களா" என்றார் தாழ்ந்த குரலில். "என் பிள்ளைக்கு என்னத்தக் கலந்து குடுத்தீங்க?"

"சோம்பு, சீரகம், ஓமம், இஞ்சிங்க" என்றேன். பரீட்சையில் கேட்ட கேள்விக்குச் சொல்வதுபோல.

"பொய்யி! அதெல்லாம் பத்து வீட்டுலயும் குடிச்சான். ஒண்ணும் கேக்கல. இங்க மட்டும் எப்பிடிக் கேட்டுச்சு?"

"அவங்க கொதிக்க வச்சிருப்பாங்க. நான் கொதிக்க வக்கல."

என் அறிவியலின் முழு வலிமையும் இந்த ஒரு பதிலில்தான் இருந்தது. அந்த அம்மாள் அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்.

"எழுந்திருடா" என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தார். அத்தை அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். "நூலு கட்டி எடுத்தாந்தது நீங்க. எங்களச் சொல்றீங்களா?" என்றாள். "நீ கலக்கிக் குடுத்த!" என்றார் அவர். இருவரும் வாசல்வரை போனார்கள், காரின் ஜன்னல்வரை போனார்கள். மருந்து என்ற ஒன்று உண்டு என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒன்று பாரிஸ் சம்பந்தம், இன்னொன்று மில் தெரு. அதைத் தவிர அவர்கள் கூடப்பிறந்தவர்கள்.

கார் கிளம்பும்போது பாஸ்கரன் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்ப்பதாக நினைத்தேன்.

அம்மா அன்று சமைக்கவில்லை. அப்பா மட்டும் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றிக் குடித்துவிட்டு, "இது நல்லாக் கீதே" என்று தெருவுக்கே சொன்னார்.

கல்லூரி வாசலில்

அந்த வாரக் கடைசியில் கல்லூரி விட்டு வெளியே வருகிறேன், வேப்பமரத்தடியில் வாடகை ஸ்கூட்டரோடு பாஸ்கரன். முகம் மறுபடியும் பூசணிக்காய்.

என் தோழிகள் கொஞ்சம் தள்ளி நின்று காதைத் தீட்டிக்கொண்டார்கள். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். என்ன சொல்லவேண்டும் என்று மனசுக்குள் தயார் செய்தேன். அம்மா எதிர்த்தாலும் நீங்கள்தான் வேண்டும் என்று அவர் சொல்வார். பட்டம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று நான் சொல்ல வேண்டும். முடிந்தால் பிரெஞ்சில்.

"அந்தத் தண்ணி இன்னும் கொஞ்சம் கெடைக்குங்களா?" என்று கேட்டார் அவர்.

நான் புத்தகங்களை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"அம்மா என்னய வில்லியனூர்ப் பக்கம் யாரோ மருந்து எடுக்கறவருகிட்ட கூட்டிட்டுப் போயிட்டாங்க. என்னமோ குடுத்து வாந்தி எடுக்க வச்சாரு. நீங்க குடுத்ததெல்லாம் வெளிய வந்துடுச்சாம். அன்னிலேர்ந்து மறுபடியும் வயிறு..." கையால் உப்பலைக் காட்டினார். "வீட்டுக்கு வரலாம்னு பாத்தேன். உங்க அத்தைய நெனச்சா பயமா இருந்துது."

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அன்னிக்கு ஏன் சம்மதம்னு சொன்னீங்க?"

அவர் நேர்மையான மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பத்து நாள் வலிங்க. சட்டுனு நின்னுடுச்சு. அந்த நேரத்துல யாரக் காட்டியிருந்தாலும் சம்மதம்னுதான் சொல்லியிருப்பேன்."

தோழிகளில் ஒருத்தி இருமினாள்.

செய்முறையை அங்கேயே சொல்லிக் கொடுத்தேன். அவருக்குச் சோம்பு எது சீரகம் எது என்று தெரியவில்லை. ஓமத்துக்குப் பிரெஞ்சில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. சரிக்குச் சரி. கடைசியில் மறுநாள் மூன்றையும் வறுத்து, நசுக்கி, ஒரு பழைய பவுடர் டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். "கொதிக்க விடாதீங்க. மூடி வைங்க" என்று இரண்டு முறை சொன்னேன். அவர் மாணவனைப்போல் தலையாட்டினார். நான் ஆசிரியை ஆவதென்று முடிவு செய்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

மாதக் கடைசியில் அவர் விமானம் ஏறினார். டப்பாவும் ஏறியது. எங்கள் வீட்டிலிருந்து பாரிஸ் பார்த்தது அந்த டப்பா ஒன்றுதான்.

சட்டத்தில் ஒரு மஞ்சள் பூ

ஏப்ரலில் பரீட்சை எழுதினேன். முதல் வகுப்பு. பட்டம் வந்ததும் அப்பா அதைத் தட்டாஞ்சாவடியில் தெரிந்த தச்சரிடம் கொடுத்துச் சட்டம் போட்டு, கூடத்தில் கை வைத்த நாற்காலிக்கு மேலே மாட்டினார். தெருவே வந்து பார்த்தது. படிக்கத் தெரியாதவர்கள் அதிலிருந்த முத்திரையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

பாஸ்கரனுக்கு இரண்டு வருடம் கழித்துக் காரைக்காலில் பெண் அமைந்தது. அவளுக்குச் சமைக்கத் தெரியாது என்று கேள்வி. சைகோன்காரம்மாவை ஒருமுறை பெரிய மார்க்கெட்டில் பார்த்தேன். மளிகைக் கடையில் நின்று அரைக் கிலோ சோம்பு வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பிள்ள அங்கேர்ந்து கேட்டு அனுப்பியிருக்கான். அங்க நல்ல சரக்கு கெடைக்கலையாம்" என்று கடைக்காரரிடம் சொன்னார்.

சென்ற ஜூலையில் பாஸ்கரன் குடும்பத்தோடு வந்தபோது, நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தார். உள்ளே ஒரு பெட்டி. பெட்டிக்குள் வரிசையாகக் காகிதப் பைகள். வெள்ளை நூல், மஞ்சள் பூ. அன்று சாயங்காலமே ஒன்றை வெந்நீரில் விட்டுக் குடித்துப் பார்த்தேன். வைக்கோல் ஊறிய தண்ணீர்போல இருந்தது. ஏப்பம் வரவில்லை.

அத்தை அந்தப் பெட்டியைச் சமையலறைக்குள் விடவில்லை. எங்கே வைத்தாள் என்று நானும் கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை கூடத்தில் ஒட்டடை அடிக்கும்போது பார்த்தேன். என் பட்டத்தின் சட்டத்துக்கு மேலே, ஆணியிலிருந்து அந்த வெள்ளை நூலில் ஒரு சின்னப் பை தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன அத்த இது?"

"வரவன் போறவன் கண்ணெல்லாம் அதும் மேலதான் இருக்குது" என்றாள் அத்தை, வெற்றிலையை மென்றபடி. "நம்ம ஊரு எலுமிச்சம்பழம் வாரத்துக்கு ஒருவாட்டி மாத்தணும். இது சீமச் சரக்கு. கெடாது."